சுகர் இருக்கறவன் ஏன் சர்க்கரை திங்கறான்?

"சுகர்னு சொன்ன, அப்புறம் ஏன்டா குளுக்கோஸை அள்ளி வாயில போட்டுக்கற?" நாலு வருஷமா இந்தக் காலேஜ்ல நான் அதிகமா பதில் சொன்ன கேள்வி இதுதான். ஃபைனல் இயர் முடியப்போகுது, ஒரேயடியா எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன். (பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷ் மீடியம். எழுத்துப்பிழை இருந்தா எடிட்டர் டீமைத் திட்டுங்க.)

எனக்கு டைப் 1. பதினொரு வயசுல வந்தது. ஸ்வீட் தின்னதால வந்ததில்லை. இன்சுலின் சுரக்கற செல்களை என் உடம்போட எதிர்ப்பு சக்தியே அழிச்சிடுச்சு. தினமும் நாலு ஊசி. 1922 ஜனவரியில டொராண்டோவுல லெனார்ட் தாம்சன்ங்கற 14 வயசுப் பையனுக்குத்தான் முதன்முதலா இன்சுலின் போட்டாங்க. அதுக்கு முன்னாடி இந்த நோய் வந்த பிள்ளைங்க அதிக நாள் இருந்ததில்லை. அதனால ஊசி மேல எனக்குப் புகார் இல்லை. ஒரே சிக்கல், அதுக்கு நிறுத்தத் தெரியாது.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் க்ளியர் பண்ணவங்களுக்குச் சொல்றேன்: உங்க கணையம் க்ளோஸ்ட் லூப், என் ஊசி ஓப்பன் லூப். உங்களுக்கு சர்க்கரை இறங்குனா இன்சுலின் தானா குறையும். நான் மெஸ் சாப்பாட்டைக் கண்ணால அளந்து எட்டு யூனிட் போட்டா போட்டதுதான். சாம்பார் ஊசிப்போச்சுன்னு பாதியில எழுந்தாலும் எட்டு யூனிட்டும் வேலை செய்யும். சர்க்கரை 70க்குக் கீழ போனா லோ. கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், அகோரமா பசிக்கும். 54க்குக் கீழ போனா மூளை தடுமாற ஆரம்பிக்கும். நான் சம்பந்தமில்லாம சண்டை போட்டா என் ரூம்மேட் திருப்பித் திட்டமாட்டான், மீட்டரை எடுத்து நீட்டுவான்.

உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட், ஏறலைன்னா இன்னொரு 15. பாசமா சாக்லேட் நீட்டாதீங்க. அதுல இருக்கற கொழுப்பு சர்க்கரை ரத்தத்துல சேர்றதைத் தாமதப்படுத்தும். எல்லாம் சரியானப்புறம் குடுங்க, வாங்கிக்கறேன்.

இதெல்லாம் நெட்லயே கிடைக்கும். நான் சொல்லவந்தது தேர்ட் இயர்ல நடந்தது.

வாலிபால் டீம்ல சேர்ந்த புதுசு. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஆட்டம், நடுராத்திரி லோ. ஆடின தசை, காலியான இருப்பை நிரப்ப மணிக்கணக்கா ரத்தத்துல இருந்து சர்க்கரையை இழுத்துக்கிட்டே இருக்குமாம். வாரத்துக்கு நாலஞ்சு லோ. அப்புறம் ஒரு நாள், அசைன்மென்ட் எழுதற நடுவுல வழக்கம்போல டெஸ்ட் பண்றேன், 46. நடுக்கம் இல்லை, வேர்வை இல்லை, பசிகூட இல்லை. அந்த நம்பரைவிட அந்த அமைதிதான் பயமா இருந்துச்சு.

எங்க ஊரு வெள்ளகோவில். அப்பா தறி ஓட்டறாரு, வீட்டை ஒட்டியே தறி. விருந்தாளிங்க யாரும் அந்தச் சத்தத்துல தூங்கினதில்லை. நாங்க நல்லாத் தூங்குவோம். கரண்ட் போய் தறி நின்னாத்தான் முழிப்பு வரும். டாக்டர் சொன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. அடிக்கடி லோ ஆனா உடம்பு அதுக்குப் பழகிடும், அட்ரினலின் சரியா வராது, அலாரம் அடிக்காது. அலாரம் அடிக்காததால அடுத்த லோ இன்னும் ஆழமாப் போகும். பிலிப் கிரையர்ங்கற அமெரிக்க டாக்டர் 1990கள்லயே இந்தச் சுழலை விளக்கியிருக்கார். கொஞ்ச வாரம் லோவே வராம பாத்துக்கிட்டா அந்த அலாரம் பெரும்பாலும் திரும்ப வரும்னும் டாக்டர் சொன்னார்.

ராத்திரி ஊசியோட அளவைக் குறைச்சார். எனக்கு வெச்ச கணக்கு, 150க்குக் கீழ இருந்தா ஏதாவது சாப்பிடாம படுக்கக் கூடாது. பத்து வருஷமா "இறக்கு, இறக்கு"ன்னே கேட்டு வளர்ந்தவனுக்கு 180ஐப் பாத்துட்டு நிம்மதியா தூங்கறது லேசு இல்லைங்க. செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனப்ப அம்மா ரெண்டரை மணிக்கு அலாரம் வெச்சு எழுந்திரிப்பாங்க. "கையைக் குடு கண்ணு"ம்பாங்க. தூக்கத்துலயே விரலை நீட்டுவேன். அஞ்சாவது வாரம் காங்கேயம் பஸ்ல போயிட்டிருந்தப்ப கை நடுங்குச்சு. பாத்தா 66. பஸ்ல உக்காந்து கை நடுங்குதுன்னு சிரிச்ச ஆளு நானாத்தான் இருப்பேன்.

இவ்வளவு டெஸ்ட்டுக்கும் ஸ்ட்ரிப் வாங்கணும். கையில ஒட்டிக்கற சென்சார் வாங்கினா அதுவே அலாரம் அடிக்கும். ஆனா அதோட விலை தறிக்கூலிக்குள்ள அடங்காது. உங்களுக்குத் தெரிஞ்ச வீட்டுல டைப் 1 குழந்தை இருந்து வசதி இல்லைன்னா, கோயமுத்தூர்ல 'இதயங்கள்' அறக்கட்டளை இருக்குன்னு சொல்லுங்க. இன்சுலின் இலவசமா குடுக்கறாங்க.

எக்ஸாம் ஹால் கதை தனி. சிபிஎஸ்இ 2017லயே டைப் 1 மாணவர்கள் பொதுத்தேர்வு ஹாலுக்குள்ள சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணி கொண்டுபோக அனுமதி குடுத்துடுச்சு. இங்க ஒரு ஹால்ல குளுக்கோஸ் பாக்கெட்டை வெளிய வெக்கச் சொன்னாங்க. விளக்கி முடிக்கறதுக்குள்ள இருபது நிமிஷம் போச்சு, கூடவே ரெண்டு மார்க் கேள்வி அஞ்சும்.

இன்னொண்ணு, யாராவது லோவுல மயங்கிக் கிடந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108க்கு அடிங்க.

ஜூலைல எனக்கு பெங்களூர்ல வேலை. ரூம் தேடிட்டு இருக்கேன். வாடகை எவ்வளவு, தண்ணி வருமா, பஸ் ஸ்டாப் பக்கமான்னு எல்லாரும் கேக்கற மாதிரி நானும் கேக்கறேன். கடைசியா, "கூடத் தங்கப்போறவர் கூப்பிட்டா உடனே எழுந்திரிப்பாரா?"ன்னும் கேக்கறேன்.