குதிகால் எழும் காலணி

பனிச்சறுக்கில் இரண்டு பெரும் வழிகள் உண்டு. ஆல்பைன் வழியில் பூட்ஸின் முன்னும் பின்னும் பலகையோடு இறுகப் பூட்டப்படும். மின்தூக்கியில் ஏறி, சமன்செய்த சரிவில் இறங்குவதற்கு ஏற்றது அது. நார்டிக் வழியில் விரற்பகுதி மட்டுமே பலகையில் பிடிபட்டிருக்கும். நடக்கும்போது எழுவதுபோலவே குதிகால் எழும். பாதை போடாத மலையிலும் பீடபூமியிலும் நாள்கணக்கில் போகிறவர்கள் பெரும்பாலும் நம்புவது இந்த இரண்டாவது வழியைத்தான். அதற்கான தோல் பூட்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது எழும் கேள்விகள் எல்லாம் இரண்டுக்குள் அடங்கும். பூட்ஸ் எங்கே வளைய வேண்டும்? எங்கே வளையவே கூடாது?

வளைய வேண்டிய இடம், விரல்கள் பாதத்தோடு சேரும் முன்பாதம். சமதளத்தில் ஒரு காலை உந்தி மறு காலில் வழுக்கும்போது பின்காலின் குதிகால் உயர்ந்து அந்த இடம் மடங்கும். சரிவில் இறங்கும்போது போடும் டெலிமார்க் திருப்பத்தில் இது இன்னும் கூடுதல். ஒரு பலகை முன்னே போக, மற்றது பின்தங்க, பின்கால் முழங்கால் பலகையை நோக்கித் தாழும். உடலின் பாதி எடை பின்காலின் முன்பாதத்தில் நிற்கும். வளையக் கூடாதது, பாதத்தின் அகலவாட்டில். சரிவின் குறுக்கே நிற்கும்போது பலகையின் உலோக விளிம்பு பனியைக் கவ்வ வேண்டுமானால் கால் சாய்ந்த அளவுக்குப் பலகையும் சாய வேண்டும். இடையிலுள்ள பூட்ஸின் அடி ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுகினால் கால் ஒரு பக்கமும் பலகை இன்னொரு பக்கமும் போகும். முன்னும் பின்னும் வளைந்து, பக்கவாட்டில் முறுகாத அடியைச் செய்வதே இந்தத் தொழிலின் கடினமான பகுதி.

டெலிமார்க் என்பது நார்வேயின் தென்பகுதியில் உள்ள ஒரு வட்டாரம். அங்குள்ள மோர்கேடால் என்னும் சிற்றூரில் 1825இல் பிறந்த சொந்த்ரே நூர்ஹைம், விரலைப் பிடிக்கும் வாரோடு குதிகாலைச் சுற்றியும் ஒரு கட்டு போட்டார். பிர்ச் மரத்தின் வேர்களை முறுக்கிச் செய்த கட்டு அது. குதிகால் எழுவதை அது தடுக்கவில்லை. குதித்தாலும் திரும்பினாலும் பலகை காலைவிட்டு நழுவாமல் பார்த்துக்கொண்டது. 1868இல் தலைநகர் கிறிஸ்தியானியாவில், இன்றைய ஓஸ்லோவில், அவர் போட்டியிட்டபோதுதான் இந்த முறை வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பே வடக்கே சாமி மக்கள் நுனி மேல்நோக்கி வளைந்த தோல் காலணிகளை அணிந்தார்கள். பலகையின் குறுக்கே ஓடும் வாரில் அந்த நுனி கொக்கிபோல மாட்டிக்கொள்ளும். பலகையும் காலணியும் தொடக்கத்திலிருந்தே ஒன்றை வைத்து ஒன்று உருவானவை. இன்றும் பைண்டிங்கை, அதாவது பூட்ஸைப் பலகையோடு பிடிக்கும் பூட்டை, எண்ணாமல் பூட்ஸ் வாங்குவது பாதி வேலைதான்.

இன்று கடைகளில் கிடைப்பவற்றில் இரண்டு அடி வகைகள் முக்கியமானவை. பழையது 75 மில்லிமீட்டர் வகை. நார்வேக்காரர் புரூர் வித் 1920களில் உருவாக்கிய ரோத்தெஃபெல்லா பைண்டிங்கில் இதன் வேர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு எலிப்பொறி என்று பொருள். பூட்ஸின் அடி முன்னால் வாத்தின் அலகுபோல் தட்டையாக நீண்டிருக்கும். அந்த அலகின் அடியில் மூன்று துளைகள். பைண்டிங்கின் மூன்று முளைகள் துளைகளில் ஏற, மேலிருந்து ஒரு கம்பி அலகை அழுத்திப் பிடிக்கும். முன்பு 71, 79 மில்லிமீட்டர் அகலங்களும் இருந்தன, நிலைத்தது 75. இதில் உடைவதற்கு அதிகம் இல்லை. உடைந்தாலும் கம்பியும் கயிறும் கொண்டு ஒப்பேற்றிவிடலாம். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் அந்த எளிமைக்கு விலையே கிடையாது. குதிகாலைச் சுற்றி ஒரு கேபிளும் சேர்த்தால் இறக்கத்தில் பிடி கூடும், துளைகள்மேல் விழும் பளுவும் குறையும்.

மற்றது என்என்என்-பிசி எனப்படும் வகை. பூட்ஸின் விரல் நுனிக்குக் கீழே ஓர் உலோகத் தண்டு பதிந்திருக்கும். பைண்டிங் அதைக் கவ்வ, கால் கதவின் கீல்போல அதன்மேல் திரும்பும். அடியிலுள்ள பள்ளங்கள் பலகையின் மேட்டில் பொருந்திப் பக்கவாட்டில் பிடிக்கும். சமதளத்தில் இதன் ஓட்டம் இயல்பானது, முன்பாதம் மடங்கும் சிரமமும் குறைவு. தண்டுக்கும் கவ்விக்கும் இடையே பனிக்கட்டி இறுகினால் மாட்டுவது தொல்லையாகிவிடும். நடுவில் 60 மில்லிமீட்டர் அளவுள்ள பலகைவரை இந்தப் பிடி போதும். அதைவிட அகலமான பலகையைத் திருப்ப நெம்புவிசை அதிகம் வேண்டியிருப்பதால், அதற்கு 75 மில்லிமீட்டர் அடியும் கேபிளும் கூடிய கனத்த பூட்ஸே சரி.

பூட்ஸ் பயணத்தை எப்படித் தீர்மானிக்கும் என்பதற்கு ரோல்ட் அமுண்ட்செனின் தென்துருவப் பயணத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. பைண்டிங் பிடிப்பதற்குக் கடினமான அடி தேவை. கடுங்குளிரில் இரத்தம் ஓடுவதற்கு மேற்பகுதி இளகியதாகவும், பல அடுக்குக் காலுறைகளுக்கு இடம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். ஒன்றோடொன்று முரண்படும் இந்த இரண்டையும் ஒரே காலணியில் கேட்டார் அமுண்ட்சென். நார்வேயில் செய்து கொண்டுபோன பூட்ஸ் மிகவும் விறைப்பாக இருந்ததை 1911இன் தொடக்கத்தில் உணவுக் கிடங்குகள் அமைக்கப் போன பயணங்களே காட்டிவிட்டன. அந்தக் குளிர்காலம் முழுக்கக் குழுவினர் முகாமில் அவற்றைப் பிரிப்பதும் தைப்பதுமாக இருந்தார்கள். செப்டம்பரில் அவசரப்பட்டுக் கிளம்பியபோது குளிர் தாங்க முடியாமல் திரும்ப வேண்டியதாயிற்று. சிலருடைய குதிகால்கள் உறைந்து புண்ணாயின. மீண்டும் திருத்தினார்கள். அக்டோபரில் கிளம்பிய ஐவர் 1911 டிசம்பர் 14 அன்று துருவத்தை அடைந்தார்கள். அந்த ஐவரில் ஒருவரான உலாவ் பியோலான், நூர்ஹைம் பிறந்த அதே மோர்கேடாலில் பிறந்தவர். உலகின் கடைக்கோடிக்குத் திட்டமிட்டவர்களே ஒரு ஜோடி பூட்ஸுக்காக ஒரு குளிர்காலத்தைச் செலவிட்டார்கள் என்றால், கடையில் பத்து நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது எவ்வளவு குறைவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் ஸ்கார்பா நிறுவனம் டெலிமார்க் சறுக்குக்குப் பிளாஸ்டிக் பூட்ஸைக் கொண்டுவந்தது. விரல்மேல் கொசுவம்போல் மடிப்பு வைத்த ஓடு அது. கால் சாய்ந்தால் பலகை உடனே சாயும், தண்ணீர் உள்ளே வராது. செங்குத்துச் சரிவுகளில் இறங்குகிறவர்கள் சில ஆண்டுகளிலேயே தோலை விட்டு இதற்கு மாறினார்கள். அது நியாயமான மாற்றம். 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில், கிரெஸ்டட் பியூட் போன்ற இடங்களில், டெலிமார்க் திருப்பத்துக்குப் புத்துயிர் கொடுத்தவர்கள் தோல் பூட்ஸிலும் ஒல்லிப் பலகையிலும்தான் இறங்கினார்கள் என்பதும் உண்மை. ஆனால் பனிச்சரிவில் வேகமாக இறங்குவதே நாளின் நோக்கம் என்றால் தோலை வற்புறுத்துவதில் பொருளில்லை.

நார்வேயின் ஹர்தாங்கெர்விட்டா பீடபூமிபோன்ற நிலத்தில் கணக்கு மாறுகிறது. சராசரி உயரம் சுமார் 1,100 மீட்டர். மரமில்லாத வெளி, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் நிலம். அமுண்ட்செனே இளமையில், 1896இல், குளிர்காலத்தில் இதைக் கடக்க முயன்று உயிர் தப்பித் திரும்பினார். இங்கே எட்டு மணிநேரப் பயணத்தில் இறக்கம் அரைமணிநேரம் இருந்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் நடை. நடையில் ஒவ்வோர் அடிக்கும் கணுக்கால் முன்சாய வேண்டும், முன்பாதம் மடங்க வேண்டும். பிளாஸ்டிக் அதை ஓரளவுக்குத்தான் அனுமதிக்கும், தோல் காலின் போக்குக்கு விட்டுக்கொடுக்கும். எடையும் தோலில் குறைவு. ஆகவே நாளின் மிக நீண்ட பகுதி எதுவோ அதற்காகவே பூட்ஸ் வாங்க வேண்டும். பலர் செய்யும் தவறு, அஞ்சி நிற்கும் அந்த ஒரு சரிவை மனதில் வைத்து வாங்குவது. அந்தச் சரிவை வளைந்து வளைந்து இறங்கிவிடலாம், குறுக்கே நடந்தும் கடக்கலாம். கடித்த காலோடு முப்பது கிலோமீட்டர் நடக்க முடியாது.

தோல் பூட்ஸுக்குள்ளேயே தரங்கள் உண்டு. கணுக்காலை மட்டும் மூடும் இளகிய பூட்ஸ், காட்டுப்பாதைக்கும் லேசான பைக்கும். கணுக்காலுக்கு மேல் ஏறி, இரட்டைத் தோலும் விறைப்பான நடுவடியும் கொண்டவை, சுமையோடு மலையில் போவதற்கு. கடையில் சோதிக்கும் முறை எளிது. ஒரு கையால் விரற்பகுதியையும் மறு கையால் குதிகாலையும் பிடித்து முறுக்கிப் பார்க்க வேண்டும். எளிதில் முறுகுவது சரிவுக்கு உதவாது. பிறகு அடியை மேல்நோக்கி மடக்கிப் பார்க்க வேண்டும். மடிப்பு விரல்கள் சேரும் இடத்தில் விழ வேண்டும். அதற்குப் பின்னால், பாதத்தின் நடுவில் விழுந்தால் அந்தப் பூட்ஸை அங்கேயே வைத்துவிடலாம்.

தோல், மேற்பரப்பு சீவப்படாத முழுத்தோலாக இருப்பதே நல்லது. மாட்டின் தோலில் இழைகள் மிக நெருக்கமாகப் பின்னியிருப்பது மேற்பரப்பில்தான். அதைச் சீவி எடுத்துவிட்டால் நீரைத் தாங்கும் வலிமையும் போய்விடும். தையல் குறைந்த பூட்ஸ் மேலானது, ஏனென்றால் ஒவ்வோர் ஊசித்துளையும் நீருக்கு ஒரு வாசல். அடியோடு மேற்பகுதி சேரும் இடத்தில் நார்வேஜியத் தையல் பெயர் பெற்றது. தோலின் ஓரத்தை வெளிப்புறமாகத் திருப்பி, நடுவடியோடு இரண்டு மூன்று வரிசையாகத் தைப்பார்கள். இழை வெளியே தெரியும். பசையால் மட்டும் ஒட்டிய அடியைவிட விலையும் எடையும் கூடினாலும், தேய்ந்த அடியைக் கழற்றிப் புதிது போட்டுக்கொள்ள இந்தத் தையல் இடம் கொடுக்கும்.

எவ்வளவு நல்ல பூட்ஸானாலும் காலுக்குப் பொருந்தவில்லை என்றால் வீண். அளவு பார்க்க ஏற்ற நேரம் மாலை, கால் சற்று வீங்கியிருக்கும்போது. பயணத்தில் போடப்போகும் அதே காலுறைகளோடு, மெல்லியது ஒன்று அதன்மேல் தடித்த கம்பளி ஒன்று என்று போட்டுப் பார்க்க வேண்டும். விரல்கள் உள்ளே அசைய இடம் வேண்டும். இறங்கும்போது அவை முன்னால் முட்டக் கூடாது. குதிகால் மட்டும் இறுக்கமாக உட்கார வேண்டும். எழும் குதிகால் பூட்ஸோடு சேர்ந்து எழ வேண்டும், பூட்ஸுக்குள்ளே எழக் கூடாது. உள்ளே ஒரு சிறு உரசல் இருந்தாலும் ஒரு நாளில் பல்லாயிரம் முறை அது திரும்ப நடக்கும், மாலைக்குள் கொப்புளம் நிச்சயம். மடிப்பு விழும்போது தோல் பெருவிரலின் மேற்கணுவைக் கடிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுத் தோலின் மற்றக் கடிகள் பழகப் பழகப் போய்விடும், இந்தக் கடி பெரும்பாலும் போகாது. இறுக்கமான பூட்ஸ் இரத்த ஓட்டத்தைத் தடுத்து விரல்களை உறையவைக்கும். சந்தேகம் வந்தால் குளிர்நாட்டில் அரை அளவு பெரியதே பாதுகாப்பு.

தோலின் பெரிய குறை ஈரம். வெளியிலிருந்து வருவதை மெழுகு தடுக்கும். உள்ளிருந்து வரும் வியர்வையை எதுவும் தடுக்காது. அது தோலில் ஊறி இரவில் உறைந்துவிட்டால் காலையில் பூட்ஸ் மரக்கட்டைதான். பல நாள் பயணத்துக்குக் கம்பளி உட்காலணியைத் தனியே கழற்றக்கூடிய பூட்ஸ் ஏற்றது. உட்காலணியைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினால் உலராவிட்டாலும் உறையாமலாவது இருக்கும். இரண்டு காலுறைகளுக்கு நடுவே நீர் புகாத மெல்லிய உறை ஒன்றைப் போட்டு, வியர்வையைப் பூட்ஸின் தோல்வரை போகவிடாமல் தடுப்பவர்களும் உண்டு. கால் பிசுபிசுக்கும், ஆனால் பூட்ஸ் காய்ந்திருக்கும். முழங்கால்வரை மூடும் துணியுறை இல்லாமல் ஆழப்பனியில் இறங்கவே கூடாது.

நனைந்த தோலை அடுப்பருகே வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். இழைகள் சுருங்கி வெடிக்கும், அடியின் பசை விடும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஈரமாக ஈரமாக மாற்றி, சாதாரண அறைச் சூட்டில் உலர்த்த வேண்டும். தேன்மெழுகு கலந்த பூச்சைத் தையல்களில் விரலால் அழுத்தித் தேய்ப்பது நல்லது. மெழுகை அளவுக்கு மீறிப் பூசினால் தோல் தளர்ந்து விறைப்பை இழக்கும்.

பழைய பூட்ஸ் வாங்குகிறவர்கள் முதலில் அலகைத் திருப்பி மூன்று துளைகளையும் பார்க்க வேண்டும். துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ அலகுக்கும் தோலுக்கும் இடையே விரிசல் கண்டிருந்தாலோ, மேல்தோல் எவ்வளவு மினுமினுத்தாலும் அதை வாங்க வேண்டாம்.