இரண்டு வீடு தள்ளி ஒரு குழந்தை



கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பம். தந்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. அவருடைய ஐந்து வயது மகள் என் மகனோடு மதரஸாவுக்குச் செல்வாள். ஒரு ரமளானுக்குச் சற்று முன்பு அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து கொடுத்தால் இறங்கும். நான்கு நாளில் மீண்டும் ஏறும். முகம் வெளுத்தது. கால் வலிக்கிறதென்று இரவில் அழுதாள். எங்கும் விழாமலேயே உடலில் கன்றிய திட்டுகள் தோன்றின. "கண் பட்டிருக்கும், ஓதிப் பாருங்கள்" என்றவர்களில் நானும் ஒருத்தி. ஓதிப் பார்த்தது தவறன்று. அத்துடன் நின்றதே தவறு. ஆறு வாரம் கழித்து, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் இரத்தப் புற்றுநோய் என்று கண்டறிந்தார்கள்.

அன்று மாலை நான் செய்த காரியத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. "கொஞ்ச நாள் அந்த வீட்டுக்குப் போகாதே" என்று என் மகனைத் தடுத்தேன். தொற்றிவிடும் என்ற அச்சம். புற்றுநோய் தொற்றாது. சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குன்றிய அக்குழந்தைக்குத்தான் நம் சளியும் இருமலும் ஆபத்து.

சில வாரங்களுக்குப் பின் அவளுடைய தாயைத் தெருவில் சந்தித்தேன். "அக்கா, பிள்ளைக்கு நோய் வந்ததைக்கூடத் தாங்கிக்கிட்டேன். என்ன பாவம் செஞ்சீங்களோன்னு கேக்குறாங்களே, அதைத்தான் தாங்க முடியல" என்றாள். நான் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் அவள் வாசலை மிதிக்கவும் இல்லையே!

நோய் பாவத்தின் கூலி என்றால், அய்யூப் (அலை) அவர்கள் பட்ட வேதனைக்கு என்ன பொருள்? நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் தம் பிள்ளைகளில் ஃபாத்திமா (ரலி) நீங்கலாக அனைவரையும் தம் வாழ்நாளிலேயே இழந்தார்கள். மழலை இப்ராஹீமுக்காகக் கண்ணீர் சிந்தினார்கள். சோதனையில் இருப்பவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கில்லை.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. செல்வ நாடுகளில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். வறிய நாடுகள் பலவற்றில் 30 பேர்கூட இல்லை. தாமதமாக அறிவதும், பாதியில் சிகிச்சையை நிறுத்துவதும் இதற்குப் பெருங்காரணங்கள். நம் சென்னையிலோ, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954லேயே அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகிவிட்டது. மருத்துவம் அருகில் இருக்கிறது; போய்ச் சேர்வதில்தான் சுணக்கம்.

விடாத காய்ச்சல், வெளிறல், காரணமற்ற கன்றல், எலும்பு வலி, கழுத்திலோ வயிற்றிலோ கட்டி, காலையில் தலைவலியுடன் வாந்தி, கண்மணியில் வெண்ணிற ஒளி ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் அது வேறு சிறு நோயாகவே இருக்கும். ஆயினும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அண்டை வீட்டாருக்கும் கடமை உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவச் செலவில் கைகொடுக்கும். ரயில் கட்டணத்துக்கும், தந்தை இழக்கும் நாள்கூலிக்கும், வீட்டு வாடகைக்கும் யார் கொடுப்பார்? இச்சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். தகுதியுடைய இக்குடும்பங்களை நம் ஜகாத் தேடிச் செல்லட்டும். தட்டணுக்களைச் சுமார் ஐந்து நாட்களுக்கு மேல் சேமிக்க இயலாது. எனவே இளைஞர்கள் ஒரே நாளில் திரண்டு இரத்தம் கொடுப்பதைவிட, முறைவைத்துக் கொடுப்பது பயன் தரும். நலம் விசாரிப்பது சுன்னத். கூட்டமாகச் சென்று குழந்தையை முத்தமிடுவது வேண்டாம். வாசலில் சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு, வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவும் நலம் விசாரிப்பே.

அந்த வீட்டுக்கு நான் தாமதமாகத்தான் போனேன். தாய் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, தேநீர் தந்தாள். அல்ஹம்துலில்லாஹ், இன்று சிறுமிக்கு முடி வளர்ந்துவிட்டது. மீண்டும் என் மகனோடு ஓதப் போகிறாள். அவளோடு அதே வார்டில் இருந்த எல்லாக் குழந்தைகளும் வீடு திரும்பவில்லை. அவர்களுடைய பெற்றோருக்கு அல்லாஹ் அழகிய பொறுமையையும், நோயுற்ற குழந்தைகளுக்குப் பூரண ஷிஃபாவையும், நமக்கு உரிய நேரத்தில் கதவைத் தட்டும் மனத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.