இறக்கிவைத்த சுமை

அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில், குறிப்பாக நியூ மெக்சிகோவில், நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் சிறு சிலுவைகளைக் காணலாம். விபத்தில் ஒருவர் உயிர்நீத்த இடத்தில் அவருடைய உறவினர் நட்டுவைத்தவை அவை. அவற்றைச் சுற்றிக் காகிதப் பூக்கள் இருக்கும். சில இடங்களில் ஒரு புகைப்படமும் இருக்கும். ஸ்பானிய மொழியில் இதனை 'டெஸ்கான்சோ' என்பர். இளைப்பாறுதல் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். சவப்பெட்டியைத் தோளில் சுமந்து கல்லறைக்கு நடந்தவர்கள் வழியில் அதை இறக்கிவைத்து மூச்சுவாங்கிய இடத்தையே முற்காலத்தில் அச்சொல் குறித்தது. கிளாரிசா பிங்கோலா எஸ்டெஸ் 1992இல் வெளியிட்ட 'விமன் ஹூ ரன் வித் த வுல்வ்ஸ்' என்னும் நூல் இவ்வழக்கத்தை உள்ளத்தின் வரலாற்றுக்கும் எடுத்தாள்கிறது. ஒரு பெண் தன் வாழ்க்கையை ஒரு கோடாக வரைந்து, தனக்குள் ஏதோ ஒன்று இறந்துபோன இடங்களிலெல்லாம் ஒரு சிலுவையை இடலாம் என்கிறது அந்நூல்.

பாடலாசிரியரும் பாடகருமான ஹேலி வில்லியம்ஸ் தம் இரண்டாவது தனித்தொகுப்பின் தலைப்பில் இச்சொல்லைச் சேர்த்தார். 'ஃப்ளவர்ஸ் ஃபார் வேஸஸ் / டெஸ்கான்சோஸ்' 2021 பிப்ரவரி 5 அன்று, பெரிய முன்னறிவிப்பு ஏதுமின்றி வெளிவந்தது. மொத்தம் 14 பாடல்கள். பெருந்தொற்றுக் காலத்தில் நாஷ்வில் நகரிலுள்ள தம் வீட்டிலேயே பதிவுசெய்தார். பாடல்களை எழுதியதும் எல்லாக் கருவிகளையும் இசைத்ததும் அவரே. தயாரிப்பில் டேனியல் ஜேம்ஸ் துணைநின்றார். வெளியீட்டுக்கு முன்பு, 'மை லிம்ப்' என்னும் பாடல் அடங்கிய ஒரு குறுந்தகட்டைத் தம் ரசிகர் ஒருவருக்கு நேரில் சேர்ப்பித்து, அதைப் பிறரிடையே பரப்பும் உரிமையையும் அவருக்கே அளித்தார். இத்தனை அணுக்கமாகத் தொடங்கிய தொகுப்பைப் பற்றித்தான் அவருடைய ரசிகர்கள் இன்றுவரை ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. இக்கருத்து வேறுபாட்டைச் சுவை வேறுபாடு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதன் அடியில் இருப்பது வேறொரு வினா: ஒரு கலைஞரின் துயரத்தின்முன் கேட்பவர் எந்த உறவில் நிற்கிறார்?

முதற்கண், இத்தொகுப்பு தம்மை ஈர்க்கவில்லை என்போரின் தரப்பைக் கேட்க வேண்டும். 'பாரமோர்' இசைக்குழுவின் பாடகராகவே உலகம் ஹேலியை அறியும். 2007இல் வந்த 'மிசரி பிசினஸ்', 2009இல் வந்த 'ஆல் ஐ வாண்டட்' ஆகிய பாடல்களில் உச்சத்தைத் தொட்ட குரல் அவருடையது. இரண்டாவது தனித்தொகுப்பிலோ அக்குரல் பெரும்பாலும் தாழ்ந்தே ஒலிக்கிறது. அக்குஸ்டிக் கிதாரும் பியானோவும் முன்னிற்க, தாள வேகம் பாடலுக்குப் பாடல் அதிகம் மாறுவதில்லை. 'எச்.ஒய்.டி.' பாடலின் தொடக்கத்தில் மேலே பறந்த ஒரு விமானத்தின் ஓசை பதிவைக் குலைக்க, அந்தத் தடங்கலும் நீக்கப்படாமல் அப்படியே விடப்பட்டிருக்கிறது. இவையெல்லாம் வரைவுநிலைப் பதிவுகள், இன்னும் செப்பம் பெற்றிருக்க வேண்டியவை என்பது இத்தரப்பின் முறையீடு. 14 பாடல்களையும் ஒரே அமர்வில் கேட்கும் எவரும் இதை முற்றிலும் மறுத்துவிட முடியாது. நடுப்பகுதியில் சில பாடல்கள் ஒன்றோடொன்று கலந்து மங்குவது உண்மையே.

எனினும் இம்முறையீட்டில் இசையைக் கடந்த ஓர் அச்சமும் கலந்திருக்கிறது. அதை அறியக் குழுவின் வரலாற்றுக்குள் சற்றுச் செல்ல வேண்டும். மிசிசிப்பியில் பிறந்த ஹேலி, பதின்பருவத்தில் டென்னசி மாநிலத்தின் ஃபிராங்க்ளின் ஊருக்குத் தாயுடன் குடிபெயர்ந்தார். 2003இல் அட்லாண்டிக் நிறுவனம் அவரைத் தனிப்பாடகராகவே ஒப்பந்தம் செய்தது. நண்பர்களோடு குழுவாகவே இசைப்பேன் என்று அவர் பிடிவாதமாக நின்றதால் 2004இல் பாரமோர் உருவாயிற்று. ஆயினும் ஒப்பந்தத்தில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. அந்த ஒற்றைக் கையெழுத்து பின்னாளில் பெரும் பிளவுக்கு வித்திட்டது. 2010இல் ஜோஷ் ஃபாரோ, ஸாக் ஃபாரோ சகோதரர்கள் விலகியபோது, குழு என்பது பெருநிறுவனம் உண்டாக்கிய சரக்கு என்றும், பிறரெல்லாம் ஒருவருடைய கனவைச் சுமந்தவர்கள் என்றும் குற்றம்சாட்டினர். பாரமோர் ஒரு குழு என்று அச்சிட்ட சட்டைகளை உறுப்பினர்களும் ரசிகர்களும் அணிந்த காலம் அது.

இந்த வரலாற்றை அறிந்தவருக்குத் 'தனித்தொகுப்பு' என்பது வெறும் வகைப்பெயர் அன்று. ஆறிய புண்ணின் வடு. 2020 மே மாதம் வந்த முதல் தனித்தொகுப்பான 'பெட்டல்ஸ் ஃபார் ஆர்மர்' அவர்களை அவ்வளவாகக் கலக்கவில்லை. அதைத் தயாரித்தவர் பாரமோரின் கிதார் கலைஞர் டெய்லர் யார்க். குழுவின் நிழல் அதில் இருந்தது. இரண்டாவதிலோ அந்த நிழலும் இல்லை. கிதார், டிரம்ஸ், பியானோ அனைத்தும் ஒரே ஆளின் கைகள். 'வரைவுநிலைப் பதிவு' என்று குறைகூறிய பலர் உண்மையில் கேட்க விரும்பிய வினா, குழு இனி இருக்குமா என்பதே. இழந்துவிடுவோமோ என்ற கவலை, இசை குறித்த தீர்ப்பின் மொழியில் வெளிப்பட்டது.

மறுதரப்பார் இத்தொகுப்பையே ஹேலியின் ஆகச் சிறந்த படைப்பாகக் கருதுகின்றனர். அவர்கள் காட்டும் சான்றுகளும் வலுவானவை. முதற்பாடலான 'ஃபர்ஸ்ட் திங் டு கோ', பிரிந்தவரைப் பற்றிய நினைவுகளில் முதலில் அழிவது எது என்று ஆராய்கிறது. குரலே முதலில் மறைகிறது என்பது அதன் கண்டறிதல். குரலையே வாழ்வாகக் கொண்ட ஒருவர் இதைச் சொல்லும்போது தாழ்ந்த தொனிக்குக் காரணம் தானே விளங்கிவிடுகிறது. 'அசிஸ்டோல்' என்பது இதயம் துடிப்பற்று நிற்கும் நிலையைக் குறிக்கும் மருத்துவச் சொல். நின்றுபோன ஓர் உறவின் பெயராக அது அங்கே அமைகிறது. 'இன்ஆர்டினரி', தாயும் மகளுமாக வாழ்வை மறுபடி தொடங்கிய நாட்களுக்குத் திரும்புகிறது. தொகுப்பின் பெயர் தாங்கிய 'டெஸ்கான்சோஸ்' பாடலில் சொற்களே ஏறத்தாழ இல்லை. வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்த அந்த மாதங்களில் கேட்டவர்களுக்கு, அந்த விமான ஓசைகூடத் தம் வீட்டுச் சன்னல் வழியே வந்ததாகத் தோன்றியிருக்கலாம். முழுமையின்மை இங்குக் குறையன்று, அதுவே வடிவம் என்பது இத்தரப்பின் வாதம்.

இவ்வாதம் ஏற்கத்தக்கதே. ஆனால் இத்தரப்பிலும் சிலர் ஓர் எல்லையைத் தாண்டுகின்றனர். இத்தொகுப்பு பிடிக்காதவர் துயரத்தை அறியாதவர் என்னும் தொனி அவர்கள் பேச்சில் எழுகிறது. பட்ட வலி ஒரு நுழைவுச்சீட்டாகிவிடுகிறது. வலி அறிந்த ஒருவர் ஒரு பாடலைச் சலிப்பூட்டுவது என்று கருத இடமே இல்லையா? துயரத்தில் ஆழ்ந்திருப்பவருக்கு ஆரவாரமான இசைதான் மருந்தாகும் நேரமும் உண்டு. தம் தேவையை அளவுகோலாக்கிப் பிறரை அளப்பதில் இரு தரப்பாரும் அவ்வளவாக வேறுபடுவதில்லை.

இவ்விரு தரப்புகளுக்கும் அடியில் இன்னும் நுண்ணிய ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. பலர் அதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. முதல் தொகுப்பு சினத்தில் தொடங்கி நம்பிக்கையின் கரையில் முடிகிறது. மணமுறிவையும் மனச்சோர்வையும் கடந்து ஒருவர் மீண்டெழும் கதையாக அதை ரசிகர்கள் கேட்டனர். தம் மீட்சியை அதனோடு பிணைத்துக்கொண்டவர்களும் அவர்களில் இருந்தனர். ஒன்பது மாதங்கள்கூட நிறைவதற்குள் அதே மனிதர் அதே காயத்துக்குத் திரும்பி வந்து பாடுகிறார். அவர் ஆறவில்லை என்றால், அவரைப் பார்த்து ஆறியவர்களின் கதி என்ன? இத்தொகுப்பின்மீது சிலர் கொண்ட இனம்புரியாத கோபத்துக்கு இதுவே வேர் எனலாம்.

இதற்கு ஹேலி அப்போதே ஒரு விடை தந்திருந்தார். இது முதல் தொகுப்பின் தொடர்ச்சி அன்று. அதற்கு முந்தைய கதை, அல்லது அதன் முதல் இரு பகுதிகளுக்கு இடையே நேர்ந்த ஒரு சுற்றுவழி என்று அவர் விளக்கினார். அதாவது, வெளியீட்டு வரிசை வேறு, உள்ளத்தின் வரிசை வேறு. தலைப்புகளும் இதையே உணர்த்துகின்றன. முதல் தொகுப்பில் இதழ்கள் கவசமாகின்றன. இரண்டாவதில் மலர்கள் குவளையில் இருக்கின்றன. அவை கொய்யப்பட்டவை, அழகு குன்றாமல் வாடிக்கொண்டிருப்பவை. மீட்சி என்பது ஏறிமுடிக்கும் படிக்கட்டு என்று எண்ணியவர்களுக்கு இது பின்னடைவாகத் தெரிந்தது. துயரம் நேர்க்கோட்டில் நடப்பதில்லை என்று தம் அனுபவத்தால் அறிந்தவர்களுக்கோ இது நேர்மையாகத் தெரிந்தது. ஒரே தொகுப்பு ஒருவரைக் கைவிடுவதாகவும் இன்னொருவரைத் தாங்குவதாகவும் அமைந்தது இவ்வாறுதான்.

மூன்றாவதாக ஒரு சாரார் உள்ளனர். நன்றா, தீதா என்பது இவர்களுக்குப் பொருட்டன்று. எந்தப் பாடல் யாரைப் பற்றியது என்பதே இவர்களின் ஆராய்ச்சி. ஒவ்வொரு சொற்றொடரையும் நாட்குறிப்போடு பொருத்தி ஒரு பெயரைக் கண்டெடுத்துவிட்டால் பாடல் விளங்கிவிட்டதாக நிறைவடைகின்றனர். தமிழ் அகக் கவிதையின் இலக்கணம் இவ்விடத்தில் நினைவுக்கு வருவது இயல்பு. அகத்துறையில் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் கூறலாகாது. பெயர் சுட்டப்பட்டால் அது புறமாகிவிடும். பெயரின்மைதான் அங்கே வாயில். அவள் இன்னாள் என்று தெரியாததனால்தான் இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் அவளுடைய மாலைப்பொழுது படிப்பவரின் மாலைப்பொழுதாகிறது. பெயரைத் தேடும் ரசிகர், தமக்காகத் திறந்திருந்த வாயிலைத் தாமே அடைத்துவிடுகிறார்.

இக்குற்றச்சாட்டை முழுவதும் ரசிகர்மேல் சுமத்துவதும் நியாயமாகாது. தாமே எழுதிப் பாடும் கலைஞர்களின் மரபு, 'நான்' என்று பாடுபவரும் பாட்டிலுள்ள 'நான்' என்பவரும் ஒருவரே என்ற உடன்பாட்டின்மீதே பெரிதும் நிற்கிறது. அணுக்கத்தை வழங்குவதாகச் சொல்லித்தான் அந்த இசை விற்கப்படுகிறது. குறுந்தகட்டைக் கையில் கொடுத்தவர் வீட்டுக் கதவை ஓரளவு திறந்தே வைக்கிறார். திறந்த கதவின்முன் நின்றவர் உள்ளே எட்டிப்பார்த்தார் என்று வியக்க என்ன இருக்கிறது?

காலம் சில ஐயங்களைத் தீர்த்துவைத்தது. 2023 பிப்ரவரியில் பாரமோர் 'திஸ் இஸ் வை' தொகுப்போடு திரும்பியது. 2024இல் சிறந்த ராக் தொகுப்புக்கான கிராமி விருதையும் பெற்றது. குழு முடிந்துவிடும் என்ற அச்சம் பொய்த்தது. அதன்பின் இரண்டாவது தனித்தொகுப்பை மறுபடி கேட்டோர் பலர், அதன் கடைசிப் பாடலான 'ஜஸ்ட் எ லவர்' மென்மையாகத் தொடங்கிப் பேரோசையில் முடிவதைப் புதிதாகக் கண்டனர். குழுவுக்குத் திரும்பும் பாதை அங்கேயே போடப்பட்டிருந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது. இசை மாறவில்லை, அதைச் சூழ்ந்திருந்த கவலை அகன்றபின் செவி மாறிற்று. 2025இல் ஹேலி 17 புதிய தனிப்பாடல்களை வரிசை எதுவும் குறிக்காமல் வெளியிட்டபோது, ரசிகர்கள் ஆளுக்கொரு வரிசை அமைத்துக் கேட்டனர். பின்னரே அவை முறையான தொகுப்பாயின. கேட்பவர் ஒவ்வொருவரும் தத்தம் வழியிலேயே கேட்கிறார் என்னும் உண்மையைக் கலைஞரே ஒப்புக்கொண்டதைப் போன்றது அது.

சாலையோரச் சிலுவையின்முன் இருவகையினர் நிற்கலாம். உறவினருக்கு அந்த மரத்துண்டில் பெயர் உண்டு, நாள் உண்டு, தீராத கணக்கு உண்டு. வழிப்போக்கருக்கு அவை எதுவும் தெரியாது; ஆயினும் அவர் ஒரு கணம் வேகத்தைக் குறைக்கிறார், தம் வீட்டில் உள்ளவர்களை நினைக்கிறார், பின்பு செல்கிறார். ரசிகர்கள் தம்மை உறவினராகக் கருதிக்கொள்ளும்போதே பூசல் தொடங்குகிறது. ஏன் இன்னும் அழுகிறாய், ஏன் இப்படி மெல்லிய குரலில் அழுகிறாய், யாருக்காக அழுகிறாய் என்று கேட்கும் உரிமை உறவினருக்கே உண்டு.

தமிழ்நாட்டின் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கற்கள் உள்ளன. பிள்ளைப்பேறு காணாமல் வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக நடப்பட்டவை அவை. தலைச்சுமையை அதன்மேல் இறக்கிவைத்து இளைப்பாறியவர்களில் பெரும்பாலோர் அப்பெண்ணின் பெயரைக் கேட்டதில்லை. அவளுடைய துயரம் அவர்களுக்கு விளங்கியது என்றும் சொல்ல முடியாது. அவர்களுடைய சுமையைத் தாங்கிக்கொள்ள அந்தக் கல் போதுமானதாக இருந்தது. சிலருக்கு அதன் உயரம் பொருந்தியிருக்காது. அவர்கள் அடுத்த கல்வரை நடந்திருப்பார்கள். அதற்காகக் கல்லைப் பழித்தவரும் இல்லை, நடந்து போனவரைப் பழித்தவரும் இல்லை.