செவிக்கும் அளவுண்டு

காலுக்குச் செருப்பு வாங்குவோர் அளவு பார்த்து வாங்குகின்றனர். கண்ணாடி வாங்குவோர் கண்ணைச் சோதித்து வாங்குகின்றனர். காதிற்குள் செருகும் இயர்போனை மட்டும் நம்மவரிற் பெரும்பாலோர் பெயரையும் விலையையும் கண்டே வாங்கிவிடுகின்றனர். சிராங்கூன் சாலைக்கு அணித்தேயுள்ள சிம் லிம் சதுக்கத்தின் மாடிகளில் ஒரு மாலைப்பொழுது நின்று பார்த்தால் இது விளங்கும். “உயர்ந்த விலையில் ஒன்று கொடுங்கள்” என்பார் பலர், “என் காதுக்கு எது பொருந்தும்?” என்பார் அரியர்.

வெளியோசையைத் தடுக்கும் இயர்போனின் சிறப்பு, அதன் முனையிலுள்ள சிறு ரப்பரைப் பொறுத்தது. அது செவித்துளையை இடைவெளியின்றி அடைத்தாலன்றி, உள்ளிருக்கும் கருவி எத்துணை உயர்ந்ததாயினும் பயனில்லை. இடைவெளி உண்டாயின் முதலில் ஒழிவது தாழ்ந்த ஓசையே. ஆதலால் யான் மிருதங்கம் நன்கு ஒலிக்கும் பாட்டொன்றை வைத்துக் கேட்பது வழக்கம். வலந்தலை கணீரென்று கேட்டு, தொப்பியின் கும்காரம் கேளாதாயின் முனை பொருந்தவில்லையென்று கொள்க. அன்றி, வாய்விட்டு ஒன்று, இரண்டு என எண்ணிப் பாருங்கள். நம் குரல் குடத்திற்குள்ளிருந்து வருவதுபோல் முழங்குமாயின் அடைப்புச் சரியே. பெட்டியில் பெரும்பாலும் மூன்றளவு முனைகள் இருக்கும். ஒருவருடைய இரு காதுகளும் ஒத்திருக்க வேண்டுமென்பதில்லை. ஒன்றில் நடுத்தரமும் மற்றதில் சிறியதும் மாட்டிக்கொள்வதில் வெட்கமென்ன? எதுவும் பொருந்தாதவர், விரலால் அமுக்கிச் செருகியபின் உள்ளே விரியும் நுரைமுனையை நாடலாம். கடையில் பிறர் காதில் நுழைந்த முனையைத் துடையாமல் நம் காதில் நுழைத்தல் ஆகாது. இத்தீவின் புழுக்கத்தில் காதிற் பூஞ்சை பற்றுதல் எளிது.

காதை இவ்வாறு அடைப்பதன் பயன் யாதெனில், பாட்டைத் தாழ்த்திக் கேட்கலாம் என்பதே. ரயிலின் இரைச்சலை வெல்லும்பொருட்டு ஒலியை ஏற்றுவோர், இறங்கியபின்னும் அதைக் குறைப்பதில்லை. 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மூன்று டெசிபல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும். 89க்கு ஐந்து மணி நேரமே மிஞ்சும்.

இது நிற்க. ரயிலில் குணமாவது ஓட்டத்தில் குற்றமாகும். அடைத்த காதோடு ஓடினால் அடிவைக்குந்தோறும் மண்டைக்குள் பறை முழங்கும். அன்றியும் காலாங் ஆற்றோரப் பாதையில் பின்னே வரும் சைக்கிளின் மணி கேளாது. அங்கே ஓடுவோருக்குக் கன்ன எலும்பின் வழியாக ஒலியைச் செலுத்திக் காதைத் திறந்தே விடும் கருவி தக்கது. உடற்பயிற்சிக் கூடத்திற்குள் அடைப்பது தகும், வியர்வைக்கு ‘ஐ.பி.எக்ஸ். 4’ என்னும் குறியுள்ளதைக் கேட்டு வாங்குக. அக்குறி நீச்சலுக்கு ஆகாது.

ஜொகூரில் எண்ணெய்ப்பனைத் தோட்டமொன்றில் புல்வெட்டும் இயந்திரத்தோடு நாளெல்லாம் உழைக்கும் என் தம்பி மகன், “பெரியப்பா, வெளிச்சத்தம் சிறிதும் கேளாத இயர்போனாகப் பார்த்து அனுப்புங்கள்; இயந்திரச் சத்தத்தில் பாட்டே கேட்பதில்லை” என்று எழுதினான். அவ்வியந்திரத்தின் இரைச்சல் 90 டெசிபலையும் தாண்டும். சிங்கப்பூரின் 2011ஆம் ஆண்டு விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலே எல்லை. அதற்கு மேலான இரைச்சலின்மீது பாட்டையும் ஏற்றுவானாயின், செவியுள் அழியும் நுண்மயிர்களை மீட்க மருந்தில்லை. இயர்போன் பாதுகாப்புக் கருவியுமன்று. ஆகவே வேலைக்கென்று பாட்டில்லாக் காதுமூடி ஒன்றும், மாலையிற் கேட்க மூன்றளவு முனைகளோடு இயர்போன் ஒன்றும் அனுப்பினேன். காதுமூடியைக் கொடுக்கவேண்டியவர் வேலை கொடுத்தவரே. அவர் கொடுக்குமட்டும் செவி காத்திராது.

உடன் வேலை செய்வோர் கேலி செய்கின்றனர் என்று அவனிடமிருந்து மறுமொழி வந்திருக்கிறது. அவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.