கேட்டால்தானே தெரியும்



உங்களில் அநேகமானோர் ஒரு தடவையாவது வைத்தியசாலைக் கட்டிலில் படுத்திருப்பீர்கள். அல்லது உம்மாவுக்கோ மாமிக்கோ துணையாகப் பக்கத்தில் இருந்திருப்பீர்கள். டொக்டர் வந்து போவது சில நிமிடங்கள்தான். இரவு பகலாகப் பார்ப்பவர் தாதி, நமது பேச்சில் சொன்னால் மிஸ்ஸி. பல இடங்களில் அவர் வேறு மொழி பேசுபவர், வேறு மதத்தைச் சேர்ந்தவர்.

அறபுக் கல்லூரியில் ஓதிக்கொடுக்கும் எனக்கு, தாதியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் பேசும்படி அழைப்பு வந்தது. முஸ்லிம் நோயாளிகளைப் பராமரிப்பது எப்படி என்பது தலைப்பு. வுழூ, தயம்மும், கிப்லாத் திசை, ஹலால் உணவு, மரணத் தறுவாயில் கலிமாச் சொல்லிக்கொடுத்தல், ஜனாஸாவைத் தாமதமின்றி ஒப்படைத்தல் என ஒவ்வொன்றாக விளக்கினேன். மாணவிகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அப்போது ஒரு சிங்கள மாணவி எழும்பி, "எங்கள் வாட்டில் ஒரு முஸ்லிம் தாய் ஆண் டொக்டர் வேண்டாம் என்று அழுதார். பக்கத்துக் கட்டிலில் இருந்த முஸ்லிம் தாயோ, யார் பார்த்தாலும் பிள்ளை சுகமாகப் பிறந்தால் போதும் என்றார். இதில் எது உங்கள் மார்க்கம்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி! பெண் வைத்தியர் இருந்தால் அவரை நாடுவதும், இல்லாதபோது தேவையின் நிமித்தம் ஆண் வைத்தியரிடம் காட்டுவதும் மார்க்கத்தில் உள்ளவைதாம் என்றேன். ஆனால் அந்த இரு தாய்மாரையும் எந்தக் கொப்பியும் ஒரே வரியில் அடக்கிவிடாது. கட்டிலில் இருப்பவரிடமே கேட்க வேண்டும்.

நியூசிலாந்தில் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மயோரி இனத் தாதி இதற்காகவே பாடுபட்டார். அவர் முன்வைத்த 'கலாசாரப் பாதுகாப்பு' என்ற பாடம் 1990களில் அந்நாட்டுத் தாதியர் பயிற்சியில் இடம்பிடித்தது. பராமரிப்பு நன்றாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அதைக் கொடுத்த தாதியல்ல, பெற்ற நோயாளியே என்பது அதன் சாரம். மயோரித் தாய்க்கு நச்சுக்கொடி குப்பையில் போடும் கழிவல்ல, தம் மண்ணில் புதைக்க வேண்டிய ஒன்று. அவர்கள் மொழியில் நச்சுக்கொடிக்கும் நிலத்துக்கும் ஒரே சொல்தான். நமது மூத்தம்மாமாரும் அதைப் புதைக்கத்தானே சொன்னார்கள்!

பின்னர் அந்த மாணவிகளிடம், உங்கள் பாட்டி வாட்டில் இருந்தால் மிஸ்ஸி எதைத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னேன். கையில் கட்டிய பிரித் நூலைக் கேட்காமல் வெட்டக் கூடாது என்றார் ஒருவர். நெற்றித் திருநீற்றைத் துடைக்கக் கூடாது என்றார் இன்னொருவர். செபமாலை தலையணைக்குக் கீழே இருக்க வேண்டும் என்றார் மூன்றாமவர். ஒரே வகுப்பில் இருந்தும் ஒருவர் எழுதியது மற்றவருக்குப் புதிதாக இருந்தது.

எல்லாவற்றையும்விட என் மனதை உறுத்துவது மொழிதான். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் நமது நாட்டின் அரச கரும மொழி. ஆனால் சிங்களம் தெரியாத ஒரு தாய் வாட்டுக்குப் போனால் நடப்பதென்ன? பள்ளிக்கூடம் போகும் மகன் மொழிபெயர்க்கிறான். தன் மாதவிடாய்க் கோளாறை, கருச்சிதைவைப் பத்து வயது மகனின் வாயால் எந்தத் தாய் சொல்வாள்? "வயிற்றுவலி" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறாள். மிஸ்ஸி அதையே எழுதுகிறார், மருந்தும் அதற்கே கிடைக்கிறது. பிள்ளைகளையும் கணவரையும் அந்நேரத்தில் விலக்கி, தமிழ் தெரிந்த ஒரு பெண் ஊழியரை அழையுங்கள் என்று அழுத்திச் சொன்னேன். "நோகுதா?" என்ற சொல்லைச் சிலர் சிங்கள எழுத்தில் எழுதி, சொல்லிப் பழகினார்கள். புத்தகத் தமிழைவிட அதுவே உதவும்.

சகோதரிகளே, அவர்கள் கேட்கப் பழகுவது ஒருபுறம். கேட்க மறந்தால் நீங்களாகவே சொல்லுங்கள். பெருநாளைக்கு இட்ட மருதோன்றி நகத்தில் இருக்கையில் ஒப்பரேஷனுக்குப் போகிறீர்களா? நகத்தின் நிறத்தைப் பார்த்தும் உடலில் ஒட்சிசன் குறைவதைக் கவனிப்பார்கள். ஆகவே அது மருதோன்றிச் சிவப்பு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டில் கைமருந்து குடித்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். மிஸ்ஸி ஏசுவார் என்று பயந்து மறைத்தவர்களை நான் அறிவேன்.

நோன்பு காலத்தில் சீனி வருத்தக்காரர்கள் யாருக்கும் சொல்லாமல் மருந்தை நிறுத்துவது பெரிய ஆபத்து. நோயாளிக்கு அல்லாஹ் அல்பகரா 185ஆம் வசனத்தில் சலுகை தந்திருக்கிறான். இரத்தத்தில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது வைத்தியர்களின் அறிவுறுத்தல். அதை அளக்க விரலில் குத்துவதால் நோன்பு முறியாது. றமழானுக்கு ஒன்றரை, இரண்டு மாதங்களுக்கு முன்பே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். நோன்பு பிடிக்க முடியுமா என்று பார்த்து, முடியுமானால் மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவார்கள்.