உழுந்துச் செடியும் எம் பிள்ளைகளும்

தோசையை விரும்பியுண்ணும் எம் பிள்ளைகளுள் உழுந்துச் செடியைக் கண்டவர் மிகச் சிலரே. கடைப் பொதியிலுள்ள தோல் நீக்கிய வெள்ளைப் பருப்பையே அவர்கள் உழுந்தென அறிவர்.

உழுந்து முழங்காலளவு வளரும் சிறு செடி. மூன்று மூன்றாய் அமைந்த சிற்றிலைகள், மஞ்சட் பூக்கள், மயிரடர்ந்த காய்கள், கருந்தோல் விதைகள் என்பன அதன் அடையாளங்கள். வவுனியாவின் மேட்டுக்காணிகளில் மாரி மழையை நம்பி விதைத்தால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் விளைந்துவிடும். வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனைப் பற்றிச் செடிக்கு ஊட்டுகின்றன; நிலமும் வளம் பெறுகிறது.

உலர்ந்த உழுந்து 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. அரிசியில் குறைவான லைசின் உழுந்தில் மிகுதி. உழுந்தில் குறைவான மெதியோனினை அரிசி ஈடுசெய்கிறது. இரண்டையும் சேர்த்தரைத்த எம் பாட்டிமார் இப்பெயர்களைக் கேட்டதில்லை, பயனை அறிந்திருந்தனர். பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் விட்டு உழுத்தங்களி கிண்டிக் கொடுத்ததும் அவர்களே.

தாவரவியல் எமது பாடமன்று. எனினும் ஊரில் தமிழ் கற்பித்த காலத்தில் செடியை வேரோடு வகுப்புக்குக் கொணர்ந்தே பல சொற்களை விளக்கினோம். இங்கும் அது இயலும். தோல் நீக்காத முழு உழுந்தைக் கோடையில் சாளரத்தோரத் தொட்டியில் ஊன்றுங்கள். உடைத்த பருப்பு முளையாது. முதலில் இரு தனியிலைகளும் பின்னர் மூவிலைகளும் விரியும். காய்க்காது போகலாம். ஆயினும் பிள்ளைகள் முளை, வேர், தளிர் என்று தமிழிற் பெயர் சொல்லிக் கேட்க ஒரு செடியேனும் வீட்டில் இருக்கும்.