மிக்ஸர் வாங்கினோம்

மிக்ஸர் என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு ஓமப்பொடியும் வேர்க்கடலையும் நினைவுக்கு வரும். மீதிப் பேர் சட்னி அரைக்கிற மிக்ஸியை நினைப்பீர்கள். நானும் உங்கள் ஜாதிதான். போன தை மாதம் என் மகன் வந்து, "அம்மா, பழைய மிக்ஸர் ஒன்று வாங்க வேண்டும்" என்றபோது, "பழைய மிக்ஸர் எதற்கடா? காறல் வாடை அடிக்குமே!" என்றுதான் கேட்டேன்.

அவன் சொன்னது பாட்டைப் பதிவு செய்யும் மிக்ஸர். நாலைந்து மைக்குகளை ஒரே பெட்டியில் செருகி, எந்தக் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்று குமிழைத் திருகி, எல்லாவற்றையும் கலந்து அனுப்புகிற யந்திரம். கல்யாண வீட்டு மேடைக்குப் பக்கத்தில், வரிசை வரிசையாகக் குமிழ் வைத்த பலகைக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அதுதான்.

கே.கே. நகரில் ஒரு சின்ன வீட்டில் இருக்கும் எங்களுக்கு அது எதற்கு? காரணம் என் மாமியார். அத்தைக்கு வயது 81. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் விட்டதும் நடவு தொடங்கும். நடவு தொடங்கினால் பாட்டும் தொடங்கும். அந்தப் பாட்டெல்லாம் அத்தைக்கு இன்னும் மனப்பாடம். ஆனால் தனியாகப் பாடச் சொன்னால் வாயே திறக்க மாட்டார். "ஒத்தையிலே பாட நான் என்ன கிறுக்கியா?" என்பார். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். கை தட்ட வேண்டும். அப்படிக் கூடப் பாடினவர்கள் பதினோரு பேராம். இப்போது மிச்சம் மூவர்: அத்தை, அவர் தங்கை, அவர் ஓரகத்தி. சித்திரைத் திருவிழாவுக்கு மூவரும் எங்கள் வீட்டில் கூடுவார்கள். அதற்குள் மிக்ஸர் வேண்டும் என்றான் பையன்.

"ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறத்திலேதான் ஸ்டூடியோ கட்டினார், தெரியுமா?" என்று அப்பாவிடம் வேறு வாதாடினான். "நம் வீட்டுப் பின்புறத்தில் துவைக்கிற கல்லும் கறிவேப்பிலை மரமும்தான் இருக்கின்றன" என்றார் என் வீட்டுக்காரர். கடைசியில் என் சீட்டுப் பணம் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு வேட்டு வந்தது. புதிது வாங்கக் கட்டாது, பழையதுதான்.

முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏமாற்றியவர் யாருமில்லை, நாங்களே ஏமாந்தோம். "எட்டு சேனல், கம்ப்யூட்டரில் நேராகச் செருகலாம்" என்று ஒருவர் விற்க வைத்திருந்தார். ஏழாயிரம். கண்ணாடிபோல் பளபளவென்று இருந்தது. வாங்கி வந்து, இரவல் மைக்குகளைச் செருகி, அத்தையையும், ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வந்திருந்த ஓரகத்தியையும், தாளம் தட்ட என்னையும் உட்கார வைத்துப் பரீட்சை பார்த்தான். எல்லாம் முடிந்து கம்ப்யூட்டரைப் பார்த்தவனுக்கு முகம் விழுந்துவிட்டது. என் கைத்தட்டல் இடிபோல் கேட்கிறது; அதற்கு அடியில் அத்தையின் குரல் நசுங்கிக் கிடக்கிறது.

"தட்டுவதை மட்டும் குறைத்துவிடேன்" என்றேன்.

"முடியாதம்மா. எட்டு சேனலும் உள்ளே போகிறது. வெளியே வரும்போது இடது, வலது என்று இரண்டாகத்தான் வருகிறது."

எனக்குப் புரிந்துவிட்டது. கொதித்து இறக்கின சாம்பாரிலிருந்து புளியை மட்டும் எடு என்றால் யாரால் எடுக்க முடியும்? பருப்பு, புளி, காய் எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில் இருந்தால், ருசி பார்த்துப் பார்த்துச் சேர்க்கலாம். இதைத்தான் 'மல்டிடிராக்' என்கிறார்கள். ஒவ்வொரு குரலும் தனித்தனி டிராக்கில் பதிந்திருக்க வேண்டும். கலப்பதைப் பிற்பாடு நிதானமாகச் செய்துகொள்ளலாம். 1979-லேயே டாஸ்காம் கம்பெனி 'போர்ட்டாஸ்டுடியோ 144' என்று மிக்ஸரும் நாலு டிராக் காஸெட் ரிகார்டரும் ஒரே பெட்டியில் இருக்கிற மாதிரி செய்து, வீட்டுக்கு வீடு இந்த வித்தையைக் கொண்டு போயிற்றாம்.

பையன் சோர்ந்து போய்விட்டான். நான்தான் அவனை வண்டியூர்க் கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் மைக் செட் அண்ணனிடம் அழைத்துக்கொண்டு போனேன். எங்கள் தெருக் கோவில் விசேஷத்துக்கெல்லாம் அவர்தான். அவரிடம் ஒரு பெரிய 24 சேனல் பலகை விலைக்கு இருந்தது. அதைத் தலையில் கட்டப் பார்ப்பார் என்று நினைத்தேன்.

"இது மேடைக்கு, தங்கச்சி. உங்க வீட்டு வாசல்லயே நுழையாது" என்றார். பிறகு, "ஒரே நேரத்துல எத்தனை பேரு பாடுவாங்க?" என்று கேட்டார்.

"மூவர். தாளத்துக்கு ஒன்று."

"அப்ப நாலு. நாலும் தனித்தனியா பதியுதான்னு கேளுங்க. எத்தனை குமிழு இருக்குன்னு எண்ணாதீங்க."

சகோதரிகளே, இந்த ஒரு கேள்வியை நான் முன்னமே கேட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சம். உங்கள் வீட்டில் பெண் ஒருத்திதான் பாடுகிறாள், கூட ஒரு சுருதிப் பெட்டி என்றால் உங்களுக்கு இந்த நாலு கூடத் தேவையில்லை. இரண்டு சேனல் பெட்டியே ஏதேஷ்டம். முதலில் வயலினைப் பதிந்துகொண்டு, அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாட்டைத் தனியாகப் பதியலாம்; அதன்மேல் மிருதங்கம். 1967-ல் பீட்டில்ஸ் கோஷ்டி தங்கள் 'சார்ஜண்ட் பெப்பர்' இசைத்தட்டை நாலு டிராக் யந்திரங்களை வைத்துக்கொண்டே செய்து முடித்தார்கள். எங்கள் அத்தையின் காதில் ஹெட்போனை மாட்டினால், "எடுடா, காது குத்துகிற மாதிரி இருக்கு!" என்று வீசிவிடுவார். ஆகவே எங்களுக்கு ஒரே சமயத்தில் நாலு வேண்டியிருந்தது.

பெயரை நம்பி வாங்குவதிலும் ஒரு பொறி உண்டு. அலெசிஸ் மல்டிமிக்ஸ் என்றொரு ரகம். அதில் 'யு.எஸ்.பி.' என்று போட்டிருந்தால் கம்ப்யூட்டருக்கு இரண்டே டிராக், 'யு.எஸ்.பி. 2.0' என்று போட்டிருந்தால் சேனலுக்கு ஒன்று. பார்வைக்கு அக்கா தங்கைதான். இன்னும் சில பழைய மிக்ஸர்கள் ஃபயர்ஒயர் என்ற கம்பியில் இயங்குபவை. நல்ல சரக்கு, கொள்ளை மலிவு. ஆனால் இப்போது வருகிற கம்ப்யூட்டர்களில் அதைச் செருக இடமே கிடையாது.

பங்குனிக் கடைசியில் அண்ணா நகரில் ஒன்று கிடைத்தது. காலேஜில் பாட்டுக் கோஷ்டி வைத்திருந்த பிள்ளை. சென்னையில் வேலை கிடைத்து, கோஷ்டி கலைந்துவிட்டது. எட்டு சேனல், ஒவ்வொன்றும் உள்ளேயே மெமரி கார்டில் தனியாகப் பதியும். பதினாறாயிரம் சொன்னான். முதலில் வாங்கினதை ஆயிரம் நஷ்டத்துக்கு விற்றாயிற்று, கையிலே இருந்தது பதினாலாயிரம்.

அண்ணன் சொல்லிக் கொடுத்தபடி சோதனையை ஆரம்பித்தோம். ஒரு மைக்கை எட்டு சேனலிலும் மாற்றி மாற்றிச் செருகினோம். செருகினபின் கம்பியை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். சத்தம் விட்டு விட்டு வந்தால் உள்ளே பற்று விட்டிருக்கிறது. மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடர் ஒவ்வொன்றையும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே நகர்த்த வேண்டும். கரகரத்தால் தூசி, மருந்து அடித்தால் பெரும்பாலும் போய்விடும். நடுவில் ஓரிடத்தில் சத்தமே நின்றுபோனால் வாங்காதீர்கள். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும். அந்த மைக்கையே இரவல் வாங்கிக் கொண்டுபோய்ப் பார்த்துவிடுங்கள். அடாப்டர் அதனுடைய சொந்த அடாப்டர்தானா என்பது முக்கியம். சிலவற்றுக்கு வெளியில் கிடைப்பது ஒத்துவராது. அப்புறம் அரை மணி நேரம் சும்மா ஓடவிட வேண்டும். சூடேறினால்தான் சில வியாதிகள் வெளியே வரும்.

இத்தனையும் முடிவதற்குள் அந்தப் பிள்ளையின் அம்மா இரண்டு தடவை காப்பி கொடுத்துவிட்டார். மூன்றாம் சேனலில் கம்பியை ஆட்டினால் சத்தம் விட்டுப்போயிற்று. அதைக் காட்டிப் பதினாலாயிரத்துக்கு முடித்தேன். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிற நமக்கு இதெல்லாம் பெரிய வித்தையா என்ன!

அழகர் ஆற்றில் இறங்கின மறுநாள் மத்தியானம், மின்விசிறியை நிறுத்தி, குக்கருக்கு விடுமுறை விட்டு, முன்னறையில் மூவரையும் உட்கார வைத்தோம். வேர்வை ஆறாய் ஓடியது. ஆளுக்கொரு மைக், ஒரு சாண் தூரத்தில். பக்கத்துக் குரல் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்; தள்ளி உட்கார்ந்தால் குறையும் என்றான் பையன். தள்ளி உட்கார அவர்கள் கேட்டால்தானே! பதினாலு பாட்டு. நடுவில் இருமல், சிரிப்பு, "நீ தப்பா எடுக்கிறே" என்று ஒரு சண்டை.

ஆடியில் ஓரகத்தி போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஊரிலிருந்து திரும்பிய இரவு, பையன் மிக்ஸரை எடுத்து வைத்து, மற்ற ஃபேடர்களையெல்லாம் இறக்கிவிட்டு, அந்த ஒரு டிராக்கை மட்டும் போட்டான். சின்ன அப்பத்தாவின் குரல், பக்கத்தில் இருப்பதுபோல. அதற்குப் பின்னால், எங்கோ வயலுக்கு அந்தக் கரையிலிருந்து கேட்பதுபோல அத்தையின் குரல் மெல்லிசாக.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "அவளை ஏண்டா ஒத்தையிலே பாட விட்டிருக்கே?" என்றார். "எங்க சத்தத்தையும் ஏத்து."

பையன் ஃபேடர்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளினான்.